யாரைக் கேட்டு

பத்து இருபதுக்கு அனுப்பிப் பார்த்தாள், அதே வரி. பத்து இருபத்தைந்துக்கு அனுப்பிப் பார்த்தாள், அதே வரி. ஐந்நூற்று ஐம்பத்து நாலு, ரிலே ஆக்சஸ் டினைட். உன்னிடம் கடிதம் வாங்கி வெளியே கொண்டுபோக மாட்டேன், உன்னை எனக்குத் தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். தெரியாதாம்! பதினோரு வருஷமாக இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே கம்ப்யூட்டரிலிருந்து, லட்சக்கணக்கில் மெயில் அனுப்பியிருக்கிறாள் பிரமநாயகி, இன்றைக்கு வந்து அந்த மெயில் சர்வர் நீ யாரம்மா என்கிறது. அவள் திரையைப் பார்த்து, "போடே" என்றாள், மிஷினையா மனுஷனையா என்று அவளுக்கே தெரியவில்லை. மே மாசத்துப் பாளையங்கோட்டை வெயில் ஜன்னல் கம்பியைச் சுட்டுக்கொண்டிருந்தது, ஏசி போட்ட சர்வர் அறையின் சத்தம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். கல்லூரியின் அஞ்சல்வழிப் பிரிவில் படிக்கிற அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஹால் டிக்கெட் மெயிலில்தான் போகும், அவள் எழுதிய ஸ்கிரிப்ட்தான் ஒவ்வொருவர் பேரையும் போட்டு அனுப்பும். சனிக்கிழமை பரீட்சை. இன்றைக்கு வியாழன். செவ்வாய்க்கிழமை காலையிலேயே போயிருக்க வேண்டியது ஒன்றுகூடப் போகவில்லை, அது நேற்றுச் சாயங்காலம் வள்ளியூர்ப் பையன் ஒருவன், பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவன், போன் போட்டு, "மேடம், எனக்கு மட்டும் வரலியா, எல்லாருக்குமா?" என்று கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு முதல்வர் அறையில் மீட்டிங். கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டு பேர் எதற்கு, ஒருத்தர் போதுமே என்று நிர்வாக அதிகாரி, ஏ.ஓ., ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். யார் வேலையில் கோளாறு என்று பரீட்சை முடியட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அந்த இரண்டு பேரில் அவள் ஒருத்தி, ஜெபசிங் ஒருத்தன், இதற்குமேல் விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது.

தப்பு என் பேரில்தான் இருக்கும். நேற்றிலிருந்து நூறு தடவை இதையே நினைத்துவிட்டாள். அதுவும் ஒரு பழக்கந்தான், சாம்பாரில் உப்புக் கூடினாலும் மகள் கணக்கில் மார்க் குறைந்தாலும் முதலில் தன்னைத்தான் நினைத்துக்கொள்வாள், வீட்டுக்காரர் முத்தையாகூடச் சிரிப்பார், ஊர்ல மழை பெய்யலன்னாலும் நீதான் காரணமாட்டி என்பார். ஸ்கிரிப்டில் ஒரு குறை உண்மையிலேயே இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. மெயில் போகாவிட்டால் கத்தாது. எங்கேயோ ஒரு மூலையில் ஒரு பைலில் 'போகவில்லை' என்று எழுதிவிட்டுப் பேசாமல் அடுத்த ஆளுக்குப் போய்விடும், அப்படித்தான் அவள் எழுதி வைத்திருந்தாள், அவளைப் போலவே. செவ்வாய் காலை ஆறு மணிக்கு அது அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை 'போகவில்லை' என்று எழுதிவிட்டுச் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. அவள் அப்போது வீட்டில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்டு மாறியிருக்குமோ என்று பார்த்தாள், ராத்திரி பூரா அதையே நினைத்துக் காலையில் வந்து பார்த்தாள், இந்த சர்வருக்கு உள்ளிருந்து அனுப்ப பாஸ்வேர்டே கிடையாதே, மறந்துபோச்சே! முகவரிப் பட்டியலில் காற்புள்ளி எங்கேயாவது கூடியிருக்குமோ என்று பார்த்தாள். தன் கம்ப்யூட்டரின் எண் மாறிவிட்டதோ என்று பார்த்தாள், மாறவில்லை, இருபத்தேழில் முடியும் அதே எண். பிறகு கல்லூரிக்குள் இருக்கும் தன் முகவரிக்கே ஒரு மெயில் அனுப்பினாள், போய்விட்டது. வெளியே இருக்கும் தன் முகவரிக்கு அனுப்பினாள், டினைட். மறுபடி உள்ளே, போனது. மறுபடி வெளியே, டினைட். தெருவுக்குள்ளேயே கொடுக்கிற கடிதத்தை யார் கொடுத்தாலும் தபால்காரர் வாங்கிக்கொள்வார், வெளியூருக்கு என்றால் தெரிந்த ஆளா என்று பார்ப்பார், இந்த சர்வரிலும் அதே சட்டம்தான், தெரிந்த ஆட்களின் பட்டியல் ஒன்று அதனுள்ளே உண்டு. அப்படியென்றால் பட்டியலில் நான் இல்லையா? சே, அதெப்படி, பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவன் ஜெபசிங் அல்லவா, அவனைத்தான் கேட்டாயிற்றே என்று அந்த நினைப்பை அங்கேயே போட்டு அமுக்கினாள்.

கேட்டாயிற்று, ஆமாம். நேற்றுச் சாயங்காலமே வள்ளியூர்ப் பையன் போனை வைத்த கையோடு அவனுக்குப் போன் போட்டாள், அவன் பைக்கில் போய்க்கொண்டிருந்தான், காற்றுச் சத்தம், ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேசினான், அவ்வளவு மரியாதை. "ஜெபசிங், சர்வர் பக்கம் எதையும் மாத்துனியா?" "இல்லையேக்கா, நான் ஒண்ணும் தொடலியே. உங்க பக்கமே ஒரு தடவை பாருங்களேன்." இன்றைக்குக் காலையில் ஒன்பது மணிக்கு அவன் மேஜைக்கே போய் மறுபடி கேட்டாள். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து அவளைப் பார்த்துத்தான் சொன்னான், "சத்தியமா ஒண்ணும் மாத்தலக்கா. ஸ்கிரிப்ட் பழசாயிட்டுல்லா, அதுல எங்கயோ சிக்கிருக்கும்." ஸ்கிரிப்ட் பழசாயிட்டு. அந்தச் சொல் அவளுக்குள் எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டது, பல்லிடுக்கில் தேங்காய்த் துருவல் மாதிரி, நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போனது. ஸ்கிரிப்டா பழசு, நானா பழசு? நாற்பத்து மூணு வயசு. அவனுக்கு முப்பத்தேழு. பதினோரு வருஷமாக ஒரே அறை, ஒரே மின்விசிறி. அவள் அம்மா ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவந்து ரத்தம் கொடுத்தவன். வெள்ளிக்கிழமை மட்டும் மீன் கொண்டுவர மாட்டான், "அக்கா முன்னால வேண்டாம்னு எங்க வீட்டுலயே சொல்லிட்டேன்" என்பான், வாரத்தில் மற்ற நாளெல்லாம் கொண்டுவந்தாலும் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டுதான் டிபன் பாக்ஸைத் திறப்பான். அப்பேர்ப்பட்டவன் சத்தியம் பண்ணினால் நம்பாமல் என்ன செய்ய, நம்பினாள், திரும்பி வந்து தன் ஸ்கிரிப்டையே நோண்டினாள்.

இசக்கியம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். ஆபீஸில் கூட்டிப் பெருக்கி டீ கொடுக்கிறவள், ஆனால் அந்தக் கட்டடத்தில் யாருக்கு எப்போது தும்மல் வரும் என்பது வரை அவளுக்குத் தெரியும். "என்ன தாயி, மொகமெல்லாம் இப்படி வாடிக் கெடக்கு? நேத்தைக்கும் டீயக் குடிக்காம ஆற வச்சிட்டிய." பிரமநாயகி ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். "ஜெபசிங் தம்பி எங்க?" என்று கேட்டாள், கேட்க வேண்டும் என்று நினைக்காமலே வாயில் வந்துவிட்டது. "அது மூணு நாளா ஏ.ஓ. ரூம்லயேல்லா கெடக்கு. நான் டீ கொண்டுட்டுப் போனா ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திருதாவ. எனக்கென்ன, நான் வச்சிட்டு வந்திருதேன்." சொல்லிவிட்டு இசக்கியம்மா போய்விட்டாள், துடைப்பத்தை வாசலில் சாத்திவைத்த சத்தம் கேட்டது. மூணு நாளாக. சரி, சர்வருக்குப் புது ஏசி கேட்டிருந்தான், அதற்காக இருக்கும். ஏ.ஓ. சும்மா விடுவாரா, ஒரு ஏசிக்கு ஒன்பது கேள்வி கேட்பாரே. பேச்சை ஏன் நிறுத்த வேண்டும்? ஏசி பேச்சை இசக்கியம்மா கேட்டால் என்ன? நீ சும்மா இரு, சந்தேகம் வந்தால் சாமிகூடக் கள்ளனாகத்தான் தெரியும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். சுட்ட நாக்கோடு எழுந்து அவன் மேஜைக்குப் போனாள்.

அவன் நாற்காலியில் உட்கார அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த வீட்டு அடுப்பங்கரைக்குள் சொல்லாமல் நுழைகிற மாதிரி. கம்ப்யூட்டரைப் பூட்டாமல்தான் போயிருந்தான், அந்த அறையில் யாரும் யாருக்கும் பூட்டியதில்லை. திரையில் அவன் பிள்ளை படம், இரண்டு பல் முளைத்த சிரிப்பு, அந்தப் பிள்ளைக்குத் தங்கக் கம்மல் போட்ட அன்றைக்கு அவளும் சர்ச்சுக்குப் போயிருந்தாள். தன் ஸ்கிரிப்டை எழுத்து மாறாமல் அப்படியே நகலெடுத்து அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து தன் வெளி முகவரிக்கு ஒன்று தட்டினாள். இரண்டு நொடி ஆகவில்லை, இடுப்பில் செருகியிருந்த செல்போன் 'டிங்' என்றது. போய்விட்டது. ஸ்கிரிப்டில் கோளாறு இல்லை! பழசாகிவிட்டதாம், பழசு! நேற்றிலிருந்து தலையில் சுமந்த கல்லை யாரோ தூக்கி இறக்கின மாதிரி இருந்தது, ஒரு நொடி சிரித்துக்கூட விட்டாள். அடுத்த நொடி திரையை மறுபடி பார்த்தாள். அதே எழுத்து, அதே சர்வர், அவன் கம்ப்யூட்டரிலிருந்து போகிறது, என் கம்ப்யூட்டரிலிருந்து போகவில்லை. அப்படியென்றால் பட்டியல்தான். பட்டியலைத் தவிர வேறு எதுவும் இல்லை. இங்கிருந்தே அறுநூற்றுப் பன்னிரண்டையும் தட்டிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு யோசனை வந்தது, பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் போய்விடும், வேலை முடிந்துவிடும், பேர் மட்டும் கெட்டது கெட்டபடி கிடக்கும். பன்னிரண்டு மணிக்கு முதல்வர், என்னம்மா கோளாறு, ஏன் ரெண்டு நாள் என்று கேட்பார். என் கம்ப்யூட்டரில் போகலை சார், ஜெபசிங் கம்ப்யூட்டரில் போச்சு சார் என்று சொல்லிவிட்டு நிற்பதா? ஏ.ஓ. அதற்குத்தானே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் எழுந்து நாற்காலியை அவன் விட்டிருந்த கோணத்திலேயே திருப்பி வைத்தாள்.

மெயில் சர்வருக்குள் போய் ஒன்றரை வருஷம் இருக்கும். அவளுக்கும் உரிமை உண்டு, பேரும் பாஸ்வேர்டும் உண்டு, அவளாகத்தான் ஒதுங்கிக்கொண்டாள். ரெண்டு பேர் கரண்டி போட்டாக் குழம்பு கெட்டுரும் ஜெபசிங், சர்வரை நீ பாரு, அஞ்சல்வழியை நான் பாக்கேன் என்று அவளேதான் சொன்னாள். அதற்கு முன்னால் ஒரு கதை உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னே, அட்மிஷன் நேரத்தில், இரண்டு பேரும் ஒரே மத்தியானத்தில் ஒரே பைலில் கை வைத்துவிட்டார்கள், இவள் மாற்றியது அவனுக்குத் தெரியாது, அவன் மாற்றியது இவளுக்குத் தெரியாது, ஒரு நாள் முழுக்கக் கல்லூரிக்கே மெயில் நின்றுபோனது. முதல்வர் இரண்டு பேரையும் வரிசையாக நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். வெளியே வந்து வராந்தாவில் நின்று இரண்டு பேரும் சிரிசிரியென்று சிரித்தார்கள், அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. அன்றைக்குக் கேன்டீனில் வடை மடித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிய சட்டம்தான் அது. சர்வரில் எதை மாற்றினாலும் அந்த இடத்துக்கு மேலேயே ஒரு வரி எழுதவேண்டும். என்றைக்கு, யார், எதற்கு, யாரைக் கேட்டு. நாலு விஷயம், ஒன்றுகூடக் குறையக் கூடாது. கடைசி விஷயத்தை அவள்தான் சேர்க்கச் சொன்னாள், மற்ற ஆளைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. பழைய வரியை அழிக்கவும் கூடாது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார்கள், அவளுக்கு 'பி', அவனுக்கு 'ஜெ'. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை, அவனுக்குக் காய்ச்சல் அடித்த அன்றைக்குக்கூட ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டு, "அக்கா, கேட்டுட்டேன்னு போட்டுக்கிடட்டுமா?" என்று போனில் கேட்டவன். பழைய பாஸ்வேர்டைத் தட்டினாள், கேன்டீன் மாஸ்டர் பேரும் அந்த மத்தியானத்துத் தேதியும். உடனே திறந்துகொண்டது. மாற்றவே இல்லை. என்னைப் பூட்டி வைக்கக்கூட வேண்டாம், நான் எட்டிப் பார்க்கவே மாட்டேன் என்று அவ்வளவு நிச்சயம் அவனுக்கு.

பட்டியலில் ஆறு எண்கள். ஐந்து எண்கள் எப்போதும் போல இருந்தன. இருபத்தேழில் முடிகிற எண்ணுக்கு முன்னால் மட்டும் ஒரு சின்னப் பின்னல் குறி, ஹேஷ் என்பார்கள், அது முன்னால் நின்றால் அந்த வரியை சர்வர் படிக்காது, இருந்தும் இல்லாத வரி. அதற்கு மேலே, சட்டப்படி, நாலு விஷயம். மே பதினொன்று. ஜெ. இனிமேல் தேவையில்லை. கேட்டது: பி. அவள் அதை வாசித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தாள். கேட்டது: பி. என்னைக் கேட்டானாம். என்னைக் கேட்டுத்தான் என்னை எடுத்தானாம். சர்வர் அறையின் ஊளை காதுக்குள்ளேயே வந்துவிட்டது போல இருந்தது. மே பதினொன்று என்றால் திங்கட்கிழமை. பைல் மாறிய நேரமும் பக்கத்திலேயே போட்டிருந்தது, மத்தியானம் மூணு நாற்பது. திங்கட்கிழமை மூணு நாற்பதுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஐயோ, திங்கட்கிழமைதானே மகள் பாஸானதற்கு லட்டு கொண்டுவந்தேன்! இரண்டு தின்றான், "எங்க வீட்டுக்காரிக்கும் ஒண்ணு குடுங்கக்கா" என்று கேட்டு வாங்கித் தாளில் மடித்து வைத்துக்கொண்டான், பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்க்கப் போறிய என்று அரைமணி நேரம் அக்கறையாகப் பேசினான். மூணு மணி இருக்கும் அப்போது. விரலில் நெய் காய்ந்திருக்குமா? கை கழுவிவிட்டு வந்தானா, இல்லை அந்தக் கையோடேதானா? இதென்ன கேள்வி, கை கழுவினால் என்ன கழுவாவிட்டால் என்ன, ஆனால் மனசு அந்தக் கையை விட்டு நகரவே மாட்டேன் என்றது.

இனிமேல் தேவையில்லை. கம்ப்யூட்டர் தேவையில்லையா, ஆள் தேவையில்லையா? போன மாசம் ஏ.ஓ. பேச்சு காதுக்கு வந்த அன்றைக்கு, அவளேதான் அவனிடம் சொன்னாள், "ஜெபசிங், யாரு கேட்டாலும் ரெண்டு பேரும் வேணும்னுதான் சொல்லணும், ஒருத்தர ஒருத்தர் விட்டுக் குடுக்கக் கூடாது." அவன் தலையை ஆட்டினான், பலமாகத்தான் ஆட்டினான். பயம் யாருக்கு இல்லை? எனக்கும்தான் பயம், ராத்திரி தூக்கமில்லாமல் மகள் பீஸையும் என் வயசையும் மாற்றி மாற்றி நினைத்தவள்தானே நானும், இந்த வயசில் எவன் வேலை கொடுப்பான். ஒரு நாள்கூட, அவன் போனால் நான் இருக்கலாம் என்று தோன்றவில்லையா? தோன்றியது. பொய் சொல்ல வேண்டாம், ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது தோன்றியது, சீ என்று அப்போதே துப்பினேன். அவனும் துப்பியிருக்கலாமே. சரி, பயந்தான், எடுத்தான், அதையாவது ஒரு கணக்கில் மன்னிக்கலாம். கேட்டது பி என்று ஏன் போட்டான்? ஆறு வருஷப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டதா? செருப்பைக் கழற்றாமல் கோயிலுக்குள் காலை வைத்துவிட்டாலும் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுமே, அப்படியா? அப்படித்தான் இருக்கும், பாவி, திருடுகிற நேரத்திலும் சட்டத்தை விட முடியாமல் நாலு விஷயத்தையும் ஒழுங்காக எழுதியிருக்கிறான். இல்லை. இல்லை, பழக்கம் இல்லை. நாளைக்கு யாராவது பைலைத் திறந்து பார்த்தால் காட்டுவதற்கு எழுதினான். பிரமநாயகி அக்காதான் சார் எடுக்கச் சொன்னாங்க, பாருங்க, எழுதியிருக்கு, அவங்களே மறந்துட்டாங்க போல. வயசாயிட்டுல்லா. கேட்கிற முதல்வர் நம்புவாரா? ஆறு வருஷமாக ஒரு வரிகூடப் பொய் இல்லாத பைல், ஏன் நம்ப மாட்டார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சம்பாதித்த நம்பிக்கை அது, அதையே எடுத்து என் கழுத்தில் வைத்திருக்கிறான். பழக்கமா, திட்டமா? லட்டு தின்னும்போது முடிவு பண்ணியிருந்தானா, தின்றபிறகா? அம்மாவுக்குக் கொடுத்த ரத்தம்? அது நிஜம்தானே, ஒரு பாட்டில் ரத்தத்தில் என்ன நடிப்பு இருக்க முடியும். நிஜமாக ரத்தம் கொடுத்தவன்தான் நிஜமாக இதையும் செய்தான், இரண்டும் ஒரே ஆள். அந்த இடத்தில்தான் அவளுக்கு அழுகை வந்தது. கெட்டவனாகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா, ஒரேயடியாக வைதுவிட்டுப் போயிருக்கலாமே என்று முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள்.

மணி பதினொன்று இருபது. ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று தோன்றியது. ஏன் கொடுக்க வேண்டும் என்றும் தோன்றியது. வெள்ளிக்கிழமை மீனுக்காக என்று நினைத்துக்கொண்டாள், வேறு காரணம் கிடைக்கவில்லை. அந்த வரியைத் திரையில் அப்படியே வைத்துக்கொண்டு அவனுக்குப் போன் போட்டாள். "சொல்லுங்கக்கா." பின்னால் ஏ.ஓ.வின் கனத்த இருமல் கேட்டது. "ஜெபசிங், கடைசியா ஒரு தடவை கேக்கேன். சர்வர்ல என் எண்ணை நீ எதுவும் செஞ்சியா? செஞ்சிருந்தா சொல்லு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நாம ரெண்டு பேரும் சரி பண்ணிக்கிடலாம்." அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். ஆமாக்கா, பயந்துட்டேன்க்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்தக் குறியை எடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, முதல்வரிடம் ஏதோ நெட்வொர்க் கோளாறு என்று சொல்லியிருப்பாள், அவ்வளவு அசடு அவள். "என்னக்கா நீங்க," என்றான், குரலில் கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது, "எத்தன தடவ கேப்பிய? கர்த்தர் மேல ஆணையா நான் தொடல. நீங்க டென்ஷனாவாதீங்க, மீட்டிங்ல நான் பேசிக்கிடுதேன் உங்களுக்காக." எனக்காகப் பேசுவானாம். சரிப்பா என்று சொல்லி வைத்தாள். கண்ணீர் எப்போது நின்றது என்று தெரியவில்லை, கன்னத்தில் உப்பாகக் காய்ந்து இழுத்தது.

ஹேஷ் குறியை எடுத்தாள், ஒரு எழுத்துதான், அதற்குத்தான் இரண்டு நாள். அவன் எழுதிய வரியைத் தொடவில்லை, பழைய வரியை அழிக்கக் கூடாது என்பது சட்டம். அதற்குக் கீழே தன் வரியை எழுதினாள். தேதி, ஆள், காரணம், எல்லாம் சரளமாக வந்தது. நாலாவது விஷயத்தில் வந்து நின்றாள். யாரைக் கேட்டு. விரலை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள், வெளியே இசக்கியம்மா யாரையோ வைதுகொண்டிருந்தாள். பிறகு அதையும் எழுதினாள், சேமித்தாள், சர்வரைப் புதுப் பட்டியலைப் படிக்கவைத்தாள், தன் இடத்துக்கு வந்து ஸ்கிரிப்டை ஓடவிட்டாள். ஒன்று போனது. பத்துப் போனது. வள்ளியூர்ப் பையன் நாற்பத்தொன்றாவது ஆள். பேர்கள் ஒவ்வொன்றாக ஏறி மறைவதைப் பார்க்கப் பார்க்கக் கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி எழுந்தபிறகு வருகிற அலுப்புத்தான் அவளுக்கு வந்தது. பதினொன்று ஐம்பதுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டும் போயிருந்தது. அந்தப் பைலை ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து, நாலாக மடிக்காமல், அப்படியே கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

முதல்வர் அறையில் ஏசி சில்லென்று இருந்தது. முதல்வர், பக்கத்தில் ஏ.ஓ., எதிரே ஜெபசிங். அவளைப் பார்த்ததும் அவன் எழுந்து தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான், எப்போதும் போடுவது போலத்தான். "வாங்கக்கா. சரியாயிட்டா?" "போயிட்டு. எல்லாருக்கும் போயிட்டு." ஏ.ஓ. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். முதல்வர், "அப்பாடி, நல்லது, ஆனா ரெண்டு நாள் ஆயிருக்கும்மா, என்னதான் கோளாறு?" என்றார். நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது, பாவி, துரோகி, கூட இருந்தே குழி பறிச்சவனே, எல்லாம். அவள் தாளை முதல்வரிடம் நீட்டவில்லை, அவன் முன்னால் வைத்தாள். "கோளாறு என்னன்னு இதுல இருக்கு சார். இந்தப் பைல்ல என்ன மாத்தினாலும் யாரு, எதுக்கு, யாரக் கேட்டுன்னு எழுதணும்கிறது எங்க வழக்கம். தமிழ இங்கிலீஷ் எழுத்துல எழுதியிருக்கு, ஜெபசிங்குக்கு நல்லா வாசிக்க வரும். கடைசி ரெண்டு வரியையும் வாசி ஜெபசிங், சார் கேக்கட்டும்." அவன் தாளைப் பார்த்தான். காதோரம் முதலில் சிவந்தது. பிறகு முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "மே பதினொண்ணு," என்று ஆரம்பித்தான், கனைத்துக்கொண்டான். "ஜெ. இனிமேல் தேவையில்லை. கேட்டது பி." மூச்சு வாங்கினான். "மே பதினாலு. பி. பிள்ளைகளுக்குப் பரீட்சை. கேட்டது..." அங்கே நின்றுவிட்டான். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், தாளைப் பிடித்திருந்த கையை, விரல்களை. முதல்வர் பேனாவால் மேஜையைத் தட்டினார்.

"என்ன நிறுத்திட்டீங்க? மிச்சத்தையும் வாசிங்க."

"கேட்டது ஜெ," என்றான் ஜெபசிங். "மூணு தடவை."